200 சிசி-யா, 450 சிசி-யா? ஞாயித்துக்கிழமை மலை ஏற எந்த வண்டி?

சிறுவாணித்தண்ணி:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கோயமுத்தூர். ஆபீஸுக்கு ஸ்கூட்டர் இருக்கு, அது அப்படியே ஓடட்டும். வார இறுதியில் சுத்துறதுக்கு மட்டும் தனியா ஒரு வண்டி வாங்கணும். பெரும்பாலும் வால்பாறை, கோத்தகிரி, சத்தி–திம்பம். வருஷத்துக்கு ரெண்டு தடவை மைசூர் வழியா குடகு, இல்லைன்னா உடுமலை–சின்னாறு வழியா மூணாறு. மாசம் 500, 600 கி.மீ. தேறும். மூணில் ஒரு தடவை வீட்டுக்காரம்மாவும் பின்னாடி வருவாங்க. உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 62 கிலோ. கியர் வண்டின்னா காலேஜ் காலத்து 100 சிசி மட்டும்தான்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ரெண்டும் மனசுல ஓடுது. ஷோரூம்ல கேட்டா "மலைக்குப் போறீங்கன்னா பெருசுதான் சார்"ங்கறாங்க. சின்னது எடுத்துட்டு ஆறு மாசத்துல அலுத்துப் போயிருமோன்னு பயம். பெருசு எடுத்துட்டு ஸ்டாண்டுலயே நிறுத்தி வச்சிருவேனோன்னும் பயம். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்பேனர்செட்:

சார், முதல்ல அந்த ஷோரூம் பேச்சைக் கழிச்சிருவோம். மலை ஏற பெரிய எஞ்சின் வேணுங்கறது பாதிக்கு மேல் கட்டுக்கதை. எக்ஸ்பல்ஸ் 159 கிலோ, நீங்க ரெண்டு பேர், ஒரு பை, எல்லாம் சேர்த்து 310 கிலோன்னு வைங்க. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறுற பாதையில் 40 கி.மீ. வேகத்தில் போனா, அந்த ஏத்தத்துக்கு மட்டும் செலவாகறது 4 பி.எஸ்.க்குள்ளதான் (பி.எஸ்.ன்னா குதிரைத்திறன்). காத்து, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தாலும் 6 தாண்டாது. எக்ஸ்பல்ஸ் கிட்டத்தட்ட 19 பி.எஸ். தருது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் 40-க்கு மேல் சராசரி வச்சு ஓட்டுறவன் வேற யாருக்கோ ஆபத்து.

மலையில் உங்களைப் படுத்தப் போறது பவர் இல்லை, எடை. எக்ஸ்பல்ஸ் 159, ஹிமாலயன் 196. வித்தியாசம் 37 கிலோ, ஒன்றரை மூட்டை அரிசி. வேடிக்கை என்னன்னா சீட் உயரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 825 மி.மீ. உங்க உயரத்துக்கு ரெண்டுலயும் நுனிக்கால்தான் எட்டும். நுனிக்காலில் நிக்கும்போது சாயற வண்டியைத் தாங்குறது தொடை. அங்கே அந்த 37 கிலோ முழுசாத் தெரியும்.

விழுற இடம் எப்பவும் ஒரே மாதிரிதான். ஏத்தத்தில் இடப்பக்கக் கொண்டை ஊசி, முன்னாடி பஸ் திரும்பிட்டிருக்கு, நீங்க நிறுத்துறீங்க. இடது வளைவுன்னா நம்ம லேன்தான் உள்பக்கம், ரோட்டிலேயே அதிக சரிவு அங்கேதான். இடது கால் ஊன்றப் போனா தரை நாலு அங்குலம் கீழே போயிருக்கும். வண்டி அந்தப் பக்கம் சாயும், அவ்வளவுதான். வேகமே இல்லாத விழுகை. கிளட்ச் லீவர் போகும், இண்டிகேட்டர் போகும், பின்னாடி இருக்கறவங்க முழங்கால் போகும். அதனால அந்த வளைவுகளுக்கு முன்னாடியே, நேர் ரோட்டில் நின்னு, பஸ்ஸை விட்டுட்டுப் போங்க. எந்த வண்டி எடுத்தாலும் இது பொருந்தும்.

விழுந்த வண்டியைத் தூக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. எஞ்சினை அணைச்சு முதல் கியரில் போடுங்க. வலப்பக்கம் விழுந்திருந்தா சைடு ஸ்டாண்டை முன்னாடியே இறக்கிடுங்க, இல்லைன்னா தூக்கின வேகத்தில் இடப்பக்கம் சாஞ்சிரும். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமே முழுசாத் திருப்பினா கீழ் கைப்பிடி டேங்குக்கிட்ட வரும். முதுகை வண்டிப் பக்கம் காட்டி, இடுப்பை சீட் ஓரத்தில் முட்டுக்கொடுத்து உக்காருங்க. ஒரு கை அந்தக் கைப்பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை நிமிர்த்தியே வச்சு, காலால் உந்திச் சின்னச் சின்ன அடியா பின்னாடி நடங்க. குனிஞ்சு கையால் இழுத்தா வண்டி எழாது, இடுப்புதான் பிடிச்சுக்கும். வாங்கறதுக்கு முன்னாடி யாரோட வண்டியையாவது ஒரு பழைய மெத்தையில் படுக்கப் போட்டு ரெண்டையும் தூக்கிப் பாருங்க. பாதி பதில் அங்கேயே கிடைச்சிரும்.

இன்னொண்ணு. திம்பத்துலயோ வால்பாறை தேயிலைத் தோட்டத்துலயோ திருப்பத்தில் யானை நின்னா, 20 அடி ரோட்டில் சத்தமில்லாம ஒரே மூச்சில் திருப்பிட்டு வரணும். அதுக்கு எது தோதுன்னு நான் சொல்லணுமா?

நாலுவழிச்சாலை:

ஸ்பேனர்செட் சொன்னதில் மலைக்கணக்கு சரி. ஆனா வால்பாறைக்கு மலை அடிவாரம் வரைக்கும் போகணுமே. கோவையிலிருந்து வால்பாறை 100 கி.மீ. சொச்சம், அதில் மலைன்னு பார்த்தா கடைசி 40 கி.மீ. குடகுன்னா ஒரு நாளைக்கு 300 கி.மீ.க்கு மேல், அதில் மலை கொஞ்சம்தான். சமவெளியில் வண்டியைத் தின்னுறது காத்து. காத்தைக் கிழிக்கத் தேவைப்படற பவர் வேகத்தோட மும்மடியில் ஏறும். 80-இல் ஆறு பி.எஸ்.க்குள் போதும், 100-க்குப் போனா அது இரட்டிப்பாகும். 19 பி.எஸ். வண்டி 100-இல் போகும், ஆனா கையில் மிச்சம் ஒண்ணும் இருக்காது. எதிர்க்காத்து, சின்ன ஏத்தம், பின்னாடி ஆள், இந்த மூணில் ஏதாவது ரெண்டு சேர்ந்தா கியரை இறக்கியே ஆகணும். அதுலயும் எக்ஸ்பல்ஸ் 200-க்கு அஞ்சு கியர்தான். 80–85 வரைக்கும் நிம்மதி. 95-க்கு மேல் ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் எல்லாம் அதிரும், ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும்.

நான் பெருசுன்னு சொல்றது டாப் ஸ்பீடுக்காக இல்லை. நாலுவழியில் பைக்குக்கு வச்சிருக்கற உச்சவேகமே 80 தான். பெங்களூர்–மைசூர் புது எக்ஸ்பிரஸ்வே முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1-லிருந்து பைக்கையே விடறதில்லை. அதனால 120, 130 போகுங்கற விளம்பரத்துக்கு நம்ம ஊர்ல வேலை இல்லை. வேலை இருக்கறது ஓவர்டேக்கில். பாலக்காடு–பொள்ளாச்சி மாதிரி இருவழி ரோட்டில் 60-இல் போற லாரியைத் தாண்ட 80 வரணும். ரெண்டு பேரோட 19 பி.எஸ். வண்டிக்கு அந்த 20 கி.மீ. வேகத்தைக் கூட்டறதுக்கே அஞ்சு, ஆறு விநாடி ஆகும். 40 பி.எஸ்., 40 நியூட்டன் மீட்டர் இழுவை இருக்கற ஹிமாலயனுக்குச் சரியான கியர்ல இருந்தா ரெண்டரை, மூணு விநாடி. அதாவது எதிர்ப்பக்க லேனில் நீங்க இருக்கற தூரத்தில் 20, 30 மீட்டர் குறையுது. வீட்டுக்காரம்மாவைப் பின்னாடி வச்சிட்டு அந்த 30 மீட்டரைச் சாதாரணமா நினைக்காதீங்க.

அடுத்தது பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ஜூன்லிருந்து செப்டம்பர் வரைக்கும் பொள்ளாச்சி–உடுமலை வெளியில் பக்கவாட்டில் அடிக்கும். அந்தப் பக்கம் காத்தாலை சும்மாவா நிக்குது? 21 அங்குல முன்சக்கரம், உயரத்தில் தொங்கற மட்கார்டு, குறைஞ்ச எடை மூணும் சேர்ந்த வண்டியை லாரி தாண்டற நேரத்தில் ஒரு அடி தள்ளிடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா இன்னும் மோசம். முழங்காலால் டேங்கை அழுத்தி, கையைத் தளர்த்திப் பிடிக்கணும். எடை கூடின வண்டி இந்த இடத்தில் அசையறது குறைவு.

பிரேக்கும் பாருங்க. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம காக்கற ஏபிஎஸ், 200 4வி-க்கு முன்சக்கரத்துக்கு மட்டும். பின்னாடி ஆளோட ஈர ரோட்டில் இறங்கும்போது பின் பிரேக்கை மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும். ஹிமாலயனுக்கு ரெண்டு சக்கரத்துக்கும் உண்டு, மண்பாதைக்குப் போனா பின்பக்கத்தை மட்டும் அணைச்சுக்கலாம்.

கணக்குநோட்டு:

ரெண்டு பேரும் பணத்தைப் பேசவே இல்லையே. 350 சிசி-ங்கற கோடு இப்போ ரொம்ப முக்கியம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக் குறைஞ்சது. 350-க்கு மேல் செஸ்ஸோட 31 இருந்தது, 40 ஆயிருச்சு. கம்பெனி விலை ரெண்டு லட்சம்னு ஒரு பேச்சுக்கு வைங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி 36,000. அந்தப் பக்கம் 80,000. அதுக்கு மேல தமிழ்நாட்டு ஆயுள்கால சாலை வரி. ஒரு லட்சம் தாண்டின வண்டிக்கு 12 சதவீதம். சதவீதம் ரெண்டுக்கும் ஒண்ணுன்னாலும் விலை ஏறினா அதுவும் ஏறும்.

இன்சூரன்ஸிலும் அதே 350 கோடுதான். புது வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டற மூன்றாம் நபர் காப்பீடு, 2022-இல் நிர்ணயிச்ச பட்டியல்படி 150–350 சிசி-க்கு 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய். சொந்த சேதக் காப்பீடு இதில் சேராது.

பெட்ரோல் செலவை எல்லாரும் பெருசாப் பேசுவாங்க, உண்மையில் அதுதான் சின்ன விஷயம். எக்ஸ்பல்ஸ் லிட்டருக்கு 35–40, ஹிமாலயன் 27–30. மாசம் 600 கி.மீ.க்கு ஆறு லிட்டர் வித்தியாசம் வந்தாலே ஜாஸ்தி. வண்டி விலையில் இருக்கற இடைவெளியில் வருஷக்கணக்கா பெட்ரோல் போடலாம். டயர், செயின் செட், கிராஷ் கார்டு, பிரேக் பேட் எல்லாம் பெரிய வண்டிக்குக் கூடுதல் விலைங்கறதையும் எழுதி வைங்க.

பட்ஜெட்டில் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, முட்டிக்காப்பு, கணுக்கால் மூடற பூட்ஸ் இதுக்குன்னு 25,000 முதல்லயே எடுத்து ஓரமா வச்சிடணும், அதுவும் ரெண்டு பேருக்குன்னா இன்னும் கூட. வண்டிக்கே மொத்தத்தையும் கொட்டிட்டு செருப்பு போட்டுட்டு வால்பாறை போற கூட்டத்தில் சேராதீங்க.

நடுவழியும் ஒண்ணு இருக்கு. எக்ஸ்பல்ஸ் 210. தண்ணி கூலிங், ஆறு கியர், 24.6 பி.எஸ்., எடை 170 கிலோவுக்குள். ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். நாலுவழிச்சாலை சொன்ன குறையில் பாதி அங்கேயே தீருது, 350 கோட்டுக்குக் கீழேயும் இருக்கு. மண்பாதையே போக மாட்டேன்னா 350 சிசி புல்லட் ரகங்களும் இருக்கு. ஹண்டர் 181 கிலோ, சீட்டும் தாழ்வு. ஆனா பவர் 20 பி.எஸ். சொச்சம்தான். இழுவை நல்லா இருக்கும், வேகம் எக்ஸ்பல்ஸை விடப் பெருசா மாறாது. சிசி கூடினா எல்லாம் கூடும்னு நினைக்கறவங்களுக்காகச் சொல்றேன்.

அப்புறம், லைசென்ஸை எடுத்துப் பாருங்க. நம்ம ஊரில் 200-க்கும் 650-க்கும் தனி லைசென்ஸ் கிடையாது, ஆனா கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்ததா இருந்தா ரெண்டையுமே ஓட்ட முடியாது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் பார்ப்பான்.

சிறுவாணித்தண்ணி:

லைசென்ஸ் கியரோடதான் இருக்குங்க. எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். டெஸ்ட் ரைடுன்னு ரெண்டு கி.மீ. சுத்த விடறாங்க, அதில் என்ன பார்க்கறது? எக்ஸ்பல்ஸுக்கு ட்யூப் டயர்ங்கறாங்களே, மலையில் பஞ்சர் ஆனா?

மூணாவதுகியர்:

டெஸ்ட் ரைடில் வேகமாப் போய்ப் பார்க்கறது வீண். எந்த வண்டியும் ரெண்டு கி.மீ.க்கு நல்லாத்தான் இருக்கும். நான் சொல்றதைப் பண்ணுங்க. முதல்ல எஞ்சினை ஆன் பண்ணாம, சீட்டில் உக்காந்து, காலால் தள்ளி பத்தடி பின்னாடி கொண்டு போங்க. லேசான ஏத்தத்தில் பின்பக்கம் தள்ள முடியலைன்னா பார்க்கிங்கில் தினமும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அடுத்து, இறங்கி நின்னு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கிட்டே ஒரு வட்டம் போடுங்க. அப்புறம் ஓட்டும்போது முதல் கியரில், அரை கிளட்சில், பின் பிரேக்கை லேசா அழுத்திட்டு, கால் ஊன்றாம ரோட்டு அகலத்துக்குள் வலது, இடது ரெண்டு பக்கமும் யூ டர்ன். கடைசியா வீட்டுக்காரம்மாவை ஏத்தி உக்கார வச்சு ஒரு தடவை. அவங்க ஏறும்போது வண்டி சாயுதா, அவங்க முட்டி எவ்வளவு மடங்குது, பிடிக்கக் கம்பி கைக்கு எட்டுதா. பின்சீட் பிடிக்கலைன்னா "மூணில் ஒரு தடவை"ங்கறது பூஜ்ஜியம் ஆயிரும், அப்போ நாலுவழிச்சாலையோட வாதத்தில் பாதி போயிருது.

உயரத்துக்கு ஹிமாலயனில் 805 மி.மீ. தாழ்ந்த சீட் தனியாக் கிடைக்கும், வாங்கும்போதே கேளுங்க. ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கற குழாய்கள்) மேல ஏத்தி, பின் சஸ்பென்ஷனோட இணைப்புத் துண்டை மாத்தி வண்டியைத் தாழ்த்திக் குடுக்கறேன்னு வெளியில் சொல்வாங்க. வேண்டாம். சைடு ஸ்டாண்ட் நீளமாயிரும், வண்டி நிமிர்ந்து நிக்கும், காத்தடிச்சாலே விழும்.

பஞ்சர் விஷயம். எக்ஸ்பல்ஸ் 200 ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். ஆணி குத்தினா காத்து சட்டுனு போயிரும். ஹிமாலயனில் ஸ்போக்கோடயே ட்யூப்லெஸ் கிடைக்குது, அது எடுத்தா ஓட்டையில் ரப்பர் குச்சி சொருகி, சின்னப் பம்பில் காத்தடிச்சு 15 நிமிஷத்தில் கிளம்பலாம். ட்யூப் வண்டிக்கு பையில் வேண்டியது: 21 அங்குல ட்யூப் ஒண்ணு (ஆபத்துக்கு அதையே 18 அங்குலப் பின்சக்கரத்திலும் மடக்கிப் போட்டு ஊர் சேரலாம்), டயர் லீவர் மூணு, ரெண்டு ஆக்ஸில் நட்டுக்கும் பொருந்தற ஸ்பேனர், வால்வு கழட்டற சாவி, பம்பு.

பழக்கம் இல்லாதவங்க புது ட்யூபை ஓட்டை போடறது, டயரை ரிம்மில் திரும்ப ஏத்தும்போது கடைசி அரை அடியில்தான். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பிச்சு வால்வு பக்கம் முடிக்கணும். உள்ளே போடறதுக்கு முன்னாடி ட்யூபில் வடிவம் வர்ற அளவுக்குக் கொஞ்சம் காத்து. சப்பையாப் போட்டா மடியும், மடிஞ்சா லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டும். டயரோட விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்கான்னு முட்டியால் அழுத்திப் பார்த்துக்கிட்டே வாங்க. அது பள்ளத்தில் இருந்தா லீவருக்குப் பெருசா வேலையே இருக்காது. பலம் போட வேண்டியிருக்குன்னா எங்கேயோ விளிம்பு மேல ஏறி உக்காந்திருக்குன்னு அர்த்தம். நிறுத்திட்டு மறுபடி அழுத்துங்க. வீட்டு வாசலில் ரெண்டு தடவை செஞ்சு பழகினா மலையில் முக்கால் மணி நேரம்.

ஸ்பேனர்செட்:

நாலுவழிச்சாலையோட ஓவர்டேக் கணக்கை நான் மறுக்கலை. ஆனா 19 பி.எஸ். வண்டி ஓட்டுறவன் அந்த இடைவெளியில் ஏறக் கூடாதுங்கறதுதான் என் பதில். அடுத்த இடைவெளி வரும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா இவருக்கு மாசம் மூணு தடவை மலை, வருஷத்துக்கு ரெண்டு தடவை நெடும்பயணம். ரெண்டு தடவைக்காக மத்த முப்பது தடவையும் 37 கிலோவைச் சுமக்கணுமா? குடகு போகும்போது 80-இல் போய் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டீ குடிச்சா ஆச்சு. பின்னாடி ஆளோட அதிகம் போறவர்னா, அல்லது மைசூருக்கு மாசாமாசம் போறவர்னா நானே பெருசுன்னுதான் சொல்லுவேன்.

அலுத்துப் போயிருமோங்கற பயத்துக்கு மருந்து, ரெண்டு மூணு வருஷம் ஓடின பழைய 200. ஒரு வருஷம் ஓட்டிட்டு வித்தா பெரிய நஷ்டம் வராது. பார்க்கும்போது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாத் திருப்புங்க. நடுவில் டொக்குனு ஒரு பள்ளம் தட்டினா ஹேண்டில் திரும்பற ஹெட் பேரிங் போச்சு. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம், ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டும்போது ஒண்ணு மட்டும் மொக்கையாச் சத்தம் வர்றது, பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடற பல்சக்கரம்) பல் ஒருபக்கம் சாஞ்சு கூராகி நிக்கறது, இது எல்லாமே விலை குறைக்கற இடம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் இருந்தா, கடன் தீர்ந்ததுக்கான படிவம் 35-ம் பேங்க் கடிதமும் வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பேர் மாத்த படிவம் 29, 30-இல் கையெழுத்து.

எந்த வண்டி வந்தாலும் முதல் வாரத்தில் பின் சஸ்பென்ஷனை உங்க எடைக்குச் செட் பண்ணுங்க. வண்டியை ஒருத்தர் பிடிச்சு, பின்சக்கரம் தரையில் படாம தூக்கி, ஆக்ஸிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டின டேப் வரைக்கும் அளங்க. அப்புறம் நீங்க ஹெல்மெட்டோட ஏறி உக்காந்ததும் மறுபடி. எக்ஸ்பல்ஸ் 200-க்கு பின் சஸ்பென்ஷன் ஏறி இறங்கற தூரம் 170 மி.மீ., அதில் நாலில் ஒரு பங்கிலிருந்து முப்பது சதவீதம், அதாவது 42–51 மி.மீ. இறங்கியிருக்கணும். அதை விடக் கம்மியா இறங்கினா ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கற அளவு) ஜாஸ்தி, 62 கிலோ ஆளுக்கு அதுதான் நடக்கும். தளர்த்தினீங்கன்னா காலும் கொஞ்சம் கூடுதலாத் தரையில் எட்டும். பின்னாடி ஆள் ஏறற அன்னைக்கு மறுபடி ஏத்தணும், வந்ததும் இறக்கணும்.

செயினை மட்டும் "தொங்குதே"ன்னு இறுக்கிடாதீங்க. இந்த மாதிரி நீளமா ஏறி இறங்கற சஸ்பென்ஷனில் ரெண்டு பேர் உக்காந்து பள்ளத்தில் இறங்கும்போது ரெண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் இடையில் தூரம் கூடும். நின்ன நிலையில் சரியாத் தெரியற செயின் அப்போ கம்பி மாதிரி விறைக்கும், அந்த இழுப்பு போய்ச் சேர்றது கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கில். பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அதில் போட்டிருக்கற அளவே வைங்க.

சிறுவாணித்தண்ணி:

மெத்தை வாங்க வேண்டாம், பக்கத்து வீட்டு மாடியில் பழசு ஒண்ணு கிடக்கு. ஹிமாலயன் வச்சிருக்கற ஒருத்தர் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டு வர்றேன்னிருக்கார். தூக்கிப் பார்த்துட்டு 210-ஐயும் ஒரு யூ டர்ன் போட்டுப் பார்க்கறேன்.